அறுபது வயது ரிவியேராவும் ஐயாயிரம் டாலர் அட்வான்ஸும்

மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். டெட்ராய்ட் புறநகரில் வீடு, கார் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர் வேலை, வயது நாற்பத்தாறு. மகன் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறான், மகளுக்கு ஆறு வயது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

பழைய கார்களை விற்றுக்கொடுக்கும் டீலர் ஒருவரிடம், தெற்கே வேறொரு மாநிலத்தில், 1965 ப்யூக் ரிவியேரா ஒன்றை இவர் பார்த்திருக்கிறார். நேரில் அல்ல, படங்களிலும் வீடியோவிலும். விலை 64,000 டாலர். விளம்பரம் சொல்வது இது: ‘கிரான் ஸ்போர்ட்’ எனும் கூடுதல் சக்தி வகை, பாடியைச் சேஸிஸிலிருந்து கழற்றி முழுமையாக ரெஸ்டோர் செய்தது, அதாவது பழையபடி புதுப்பித்தது, நம்பர்ஸ் மேட்சிங், அதாவது பிறந்தபோது இருந்த அதே இன்ஜின், ஓடியது அசல் 58,000 மைல். வண்டி டீலருடையது அல்ல. உரிமையாளர் ஒருவர் விற்றுத் தரச் சொல்லி அங்கே விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 5,000 டாலர் அட்வான்ஸ் கட்ட வேண்டும், திரும்ப வராது. ஒப்பந்தம் இரண்டே பக்கம், ‘உள்ளது உள்ளபடி’ விற்பனை. பணத்துக்கு வீட்டின் மேல் கடன் எடுக்கப் போகிறார். மனைவி சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: “வாங்கணும்னா வாங்குங்க. வீட்டை எழுதி வச்சுட்டு வாங்காதீங்க.”

கேள்விகள் ஐந்தாறு. பிடிக்காவிட்டால் மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம்தானே? விளம்பரத்தில் எழுதியதற்கு டீலர் பொறுப்புதானே? இது முதலீடுதானே? ஓய்வு பெற்றபின் கோவைக்குக் கொண்டுபோகலாமா? கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலைப் பற்றிப் பின்குறிப்பாக ஒரு வரி: “டைட்டில் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். பெயர் வேறாக இருக்கிறது. உரிமையாளரின் அப்பா பெயராம், அவர் இறந்துவிட்டாராம். பிரச்சினை இல்லை என்கிறார் டீலர்.”

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ரசனையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்டு 1958-இல் தண்டர்பேர்டை நான்கு இருக்கை வண்டியாக மாற்றி நன்றாக விற்றது. குடும்பத்துக்கான கார் இல்லை, பந்தயக் காரும் இல்லை. இரண்டு கதவு, நீண்ட பானெட், சொகுசான உட்புறம், ஓட்டுபவரின் ஆசைக்காக மட்டுமே ஒரு கார். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குச் சொன்ன பதில்தான் 1963 ரிவியேரா. வடிவமைப்புப் பிரிவின் பில் மிட்செல் தலைமையில் வரைந்த அந்த வடிவம் முதலில் கேடிலாக் பிரிவுக்காக, ‘லாசால்’ என்ற பழைய பெயரில் வருவதாக இருந்தது. கேடிலாக் வேண்டாம் என்றது, அதே நிறுவனத்தின் ப்யூக் பிரிவு போட்டியிட்டு வாங்கிக்கொண்டது. முதல் ஆண்டு வேண்டுமென்றே 40,000 வண்டிகளோடு நிறுத்தினார்கள். அடிப்படை விலை 4,333 டாலர். 1965-இல் முகவிளக்குகள் முன் ஃபெண்டரின் இரு ஓரத்திலும் மூடிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. அந்த ஆண்டு செய்த 34,586 ரிவியேராக்களில் கிரான் ஸ்போர்ட் ஏறக்குறைய பத்தில் ஒன்று. எல்லாமே உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஃப்ளின்ட்டில் பிறந்தவை. இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே சொல்லக் காரணம், அந்த ‘பத்தில் ஒன்று’தான் 64,000 டாலர் விலையைத் தூக்கிப் பிடிக்கிறது. சாதாரண ரிவியேரா இந்த விலைக்குப் போவது கடினம். ஆக, நீங்கள் பணம் கொடுப்பது இரும்புக்கு மட்டுமல்ல, விளம்பரத்திலுள்ள நான்கைந்து சொற்களுக்கும்தான். அந்தச் சொற்களுக்கு யார் பொறுப்பு என்பதே இந்த விவகாரத்தின் மையம்.

ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் பின்குறிப்பு.

இறந்தவர் பெயரில் இருக்கும் டைட்டில்

கடிதத்தில் கடைசியாக நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் கேட்டிருப்பேன். டைட்டிலில் யார் பெயர் இருக்கிறதோ அவர், அல்லது அவர் சார்பில் கையெழுத்துப் போடச் சட்டப்படி அதிகாரம் பெற்றவர், இந்த இருவரைத் தவிர வேறு யார் விற்றாலும் அது விற்பனை ஆகாது. அப்பா இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால் மகனுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். ஒன்று, வாரிசுரிமை நீதிமன்றம் அவரை இறந்தவரின் சொத்துக்கு (எஸ்டேட்) பிரதிநிதியாக நியமித்த உத்தரவு. அல்லது, சிறிய சொத்துகளுக்கு அந்த மாநிலம் அனுமதிக்கும் வாரிசுப் பிரமாணப் பத்திரம். இரண்டும் இல்லாமல் டைட்டிலின் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தால், அதைப் போட்டது யார், எந்தத் தேதியில் என்று கேளுங்கள். ஒரு தங்கையோ இரண்டாவது மனைவியோ இருந்து, “அந்தக் காரில் எனக்கும் பங்கு உண்டு” என்று ஒரு வருடம் கழித்து வந்தால், உங்கள் கராஜில் நிற்கும் வண்டியைப் பற்றித்தான் வழக்கு நடக்கும்.

‘டீலரிடம்தானே வாங்குகிறேன், சட்டம் என்னைக் காப்பாற்றாதா’ என்று தோன்றலாம். ஓரளவு காப்பாற்றும். ஒரு பொருளின் சொந்தக்காரர் அதை அந்த வியாபாரம் செய்பவரிடம் ஒப்படைத்து, நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினால், ஒப்படைத்தவரின் உரிமை உங்களுக்கு வந்து சேரும் என்று யூ.சி.சி. எனப்படும் வணிகச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கவனியுங்கள், ஒப்படைத்தவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வரும். மகனுக்கே முழு உரிமை இல்லையென்றால் உங்களுக்கும் இல்லை.

இதோடு இன்னும் இரண்டைப் பாருங்கள். டைட்டிலின் முகப்பில் ஏதாவது வங்கியின் பெயர் அடமானம் வைத்திருப்பவராகப் பதிவாகியிருக்கிறதா? இருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததற்கான விடுவிப்புக் கடிதம் வேண்டும். அடுத்தது, ரெஸ்டோர் செய்த ஒர்க்‌ஷாப்புக்கு முழுப் பணமும் போய்ச் சேர்ந்ததா? பல மாநிலங்களில், பில் கட்டாத வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அதன் மேல் உரிமை கோரவும் ஒர்க்‌ஷாப்புக்கு அதிகாரம் உண்டு. கடைசி பில்லில் ‘பாக்கி இல்லை’ என்று இருக்கிறதா பாருங்கள்.

சில டீலர்கள் “அந்தக் காலத்து வண்டிக்கு டைட்டிலே தேவையில்லை” என்பார்கள். சில மாநிலங்களில் உண்மை. நியூயார்க்கில் 1972-உம் அதற்கு முந்தையதுமான வண்டிகளுக்கு டைட்டில் கிடையாது, மாற்றிக்கொடுக்கக்கூடிய பதிவுச் சான்றிதழ்தான். உங்கள் விஷயத்தில் டைட்டில் இருக்கிறது, அதில் பெயரும் இருக்கிறது. ஆகவே அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கதவுத் தூணில் ஒரு தகடு

பாடியைக் கழற்றி ரெஸ்டோர் செய்த வண்டி என்றால் இன்னொரு சந்தேகம் எழ வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் பொருத்திய தூணில் வண்டி எண் தகடு இருக்கும். 1965 ரிவியேராவில் அந்த எண் 49447 என்று தொடங்கும். அடுத்துவரும் 5 ஆண்டைக் குறிக்கும், அதற்கடுத்த ‘எச்’ ஃப்ளின்ட் ஆலையை. பெயின்ட் அடிக்கும்போது அந்தத் தகட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்துவது சில ஒர்க்‌ஷாப்களின் வழக்கம். கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் வண்டி எண் தகட்டில் கை வைப்பதை மத்திய, மாநிலச் சட்டங்கள் பொதுவாகக் குற்றமாகவே பார்க்கின்றன.

கான்சஸ் மாநிலத்தில் நடந்தது இது. ஒருவர் இண்டியானாவிலுள்ள டீலரிடமிருந்து 1959 செவர்லே கார்வெட் வாங்கினார். பதிவுக்காக எண்ணைச் சோதித்தபோது, ரெஸ்டோரேஷனில் தகடு கழற்றி மாட்டப்பட்டது தெரிந்தது. மாநிலக் காவல்துறை வண்டியைப் பறிமுதல் செய்தது. வாங்கியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் வண்டி திரும்பவில்லை. கடைசியில் 2022-இல் அந்த மாநிலச் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது. ஒரு கார் ஆர்வலருக்காகச் சட்டசபை சட்டத்தை மாற்றுவது எப்போதும் நடப்பதல்ல. தகட்டை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தகட்டின் விளிம்பில் பெயின்ட் கோடு, புது ஸ்க்ரூ, சுற்றிலும் தேய்த்த தடம் ஏதாவது இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

விளம்பரம் சொல்வது, ஒப்பந்தம் சொல்லாதது

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் படித்தேன். அதில் மூன்று வாசகங்கள்தான் உயிர். தமிழில் சொன்னால்: வண்டி உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை. வண்டி பற்றிய விவரங்கள் உரிமையாளர் தந்தவை, நாங்கள் சரிபார்க்கவில்லை. இந்தத் தாளில் இருப்பதே முழு ஒப்பந்தம், இதற்கு முன் பேசியது எழுதியது எதுவும் சேராது.

‘விளம்பரத்தில் எழுதியதற்கு அவர்கள் பொறுப்பு’ என்று நீங்கள் நினைப்பதில் பாதி சரி. விற்பவர் பொருளைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லி, அதை நம்பி நீங்கள் வாங்கினால் அது வெளிப்படையான உத்தரவாதம் ஆகும் என்கிறது யூ.சி.சி.யின் 2-313-ஆம் பிரிவு. ‘உத்தரவாதம்’ என்ற சொல்லே அதில் இருக்க வேண்டியதில்லை. “அருமையான வண்டி, கிடைக்காது சார்” என்பது வெறும் வியாபாரப் பேச்சு, அதற்கு யாரும் பொறுப்பில்லை. “இது கிரான் ஸ்போர்ட்” என்பது அப்படியல்ல. அது சரியா தவறா என்று நிரூபிக்கக்கூடிய உண்மை. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் சட்டம் தானாகத் தரும் மறைமுக உத்தரவாதங்களைத்தான் துடைக்கும். வெளிப்படையாகச் சொன்னதை அதைக் காட்டி மறுக்க முடியாது.

அப்புறம் மீதிப் பாதி. அந்த மூன்றாவது வாசகம் இருக்கிறதே, ‘இதுவே முழு ஒப்பந்தம்’, அதுதான் உங்களைக் கவிழ்க்கும். அதில் கையெழுத்துப் போட்டபின் விளம்பரத்தைக் காட்டி வாதாடுவது மிகக் கடினம். மோசடி என்று தனியாக வழக்குப் போடலாம், ஆனால் அவர்கள் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். “உரிமையாளர் சொன்னார், நாங்கள் போட்டோம்” என்று டீலர் ஒதுங்கிக்கொள்வார். அதற்காகத்தான் இரண்டாவது வாசகம். வழக்கு எங்கே நடக்கும் என்றும் ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? டீலர் இருக்கும் கவுண்டியில், அதாவது அந்த ஊர் மாவட்டத்தில். மிச்சிகனில் அல்ல.

ஆகவே, விலையை ஏற்றிய ஒவ்வொரு சொல்லும் ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும், உரிமையாளர் கையெழுத்தோடு. அதுவும் விளம்பர மொழியில் வரக் கூடாது. ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்பதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்:

1. இந்த வண்டி ஆலையிலிருந்தே கிரான் ஸ்போர்ட்டாக வந்தது. இன்ஜின் பிளாக்கில் பொறித்த குறியீடு ‘எல்எக்ஸ்’. இது 425 கன அங்குலம், இரட்டைக் கார்புரேட்டர், 360 குதிரைத்திறன் இன்ஜினின் குறியீடு. வண்டி எண்ணைப் பார்த்து கிரான் ஸ்போர்ட்டா இல்லையா என்று சொல்ல முடியாது, எல்லா 1965 ரிவியேராவுக்கும் 49447தான். பேட்ஜும் ஏர் கிளீனரும் கடையில் கிடைக்கும். எனவே பொறித்த எண்ணின் படமும், பின் ஆக்ஸில் 3.42 விகிதம் என்பதற்கான சான்றும் ஒப்பந்தத்தோடு இணைய வேண்டும்.

2. பாடியைச் சேஸிஸிலிருந்து பிரித்த வேலை இந்த ஆண்டு, இந்த ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. இந்த வண்டிக்கு எக்ஸ் வடிவச் சேஸிஸ். பாடி இல்லாமல் அது வெறுமனே நிற்கும் படம் ஒன்றாவது இருக்கும். உண்மையிலேயே அந்த வேலையைச் செய்தவர் படமெடுக்காமல் இருந்ததை நான் பார்த்ததில்லை, அவ்வளவு சிரமமும் செலவும் பிடித்த வேலை அது. படம் இல்லை, பில் இல்லை, ஆனால் ‘முழு ரெஸ்டோரேஷன்’ என்றால், பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள், அந்த விலையைக் கொடுங்கள்.

3. மைல் கணக்கை விட்டுவிடுங்கள். மீட்டரில் ஐந்து இலக்கம்தான், ஒரு லட்சம் தாண்டினால் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 58,000 என்பது 1,58,000 ஆகவும் இருக்கலாம். 2010-உம் அதற்கு முந்தையதுமான மாடல்களுக்கு மைல் கணக்கை உறுதி செய்து தரவேண்டிய மத்திய விதியிலிருந்து விலக்கு உண்டு. டைட்டிலில் ‘விலக்கு’ என்றே போட்டிருக்கும். பதினேழு இலக்க வண்டி எண் 1981 மாடலில்தான் வந்தது, ஆகவே இணையத்தில் பணம் கட்டி எடுக்கும் வரலாற்று அறிக்கையும் இதற்கு உதவாது. அந்த 58,000-க்காக ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டாம் என்பதே என் கணக்கு.

முதல் இரண்டும் எழுத்தில் வந்துவிட்டால், பிறகு பொய் என்று தெரியவந்தாலும் உங்களுக்கு வழி உண்டு. சொன்னபடி இருந்தால் வண்டி என்ன பெறும், இருக்கிறபடி என்ன பெறும், இந்த வித்தியாசத்தை இழப்பீடாகக் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு. ஒப்பந்தத்தில் அதை ஓராண்டாகக் குறைக்கவும் சட்டம் விடுகிறது, அப்படி ஒரு வரி பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

டீலர் “நாங்கள் அப்படி எழுதிக் கொடுப்பதில்லை” என்று சொல்லலாம். சொல்வார். அது அவருடைய உரிமை. ஆனால் கிரான் ஸ்போர்ட் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன், கிரான் ஸ்போர்ட் விலை மட்டும் வேண்டும் என்றால், சாதாரண ரிவியேராவின் விலையைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். விலை வழிகாட்டிகள் வண்டியின் நிலையை ஒன்று முதல் நான்கு வரை பிரித்துத்தான் விலை போடுகின்றன. அதில் பெயர்பெற்ற ஹேகர்ட்டி உங்கள் மாநிலத்து டிராவர்ஸ் சிட்டியைச் சேர்ந்ததுதான். விற்கிற எல்லோரும் தங்கள் வண்டி ஒன்றாம் நிலை என்பார்கள். பெரும்பாலும் மூன்றுதான்.

மூன்று நாள் என்று எதுவும் கிடையாது

இந்த நம்பிக்கை நம்மவர்களிடம் மட்டுமல்ல, இங்கே பிறந்து வளர்ந்தவர்களிடமும் இருக்கிறது. மூன்று நாளில் ரத்து செய்யலாம் என்ற மத்திய விதி வீட்டு வாசலில் வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கானது. நிலையான கடை வைத்திருக்கும் டீலரிடமோ இணையம் வழியாகவோ கார் வாங்கினால் அது பொருந்தாது. குறையுள்ள வண்டியை வாங்கியவரைக் காக்கும் ‘லெமன் லா’வும் பெரும்பாலும் புது வண்டிகளுக்காக எழுதப்பட்டது. கையெழுத்துப் போட்டால் வண்டி உங்களுடையது. அட்வான்ஸ் ‘திரும்ப வராது’ என்று எழுதியிருந்தால் வராது. ஒரு வழி உண்டு: அட்வான்ஸ் ரசீதிலேயே, ‘வாங்குபவர் அமர்த்தும் மெக்கானிக் சோதித்துத் திருப்தி தெரிவிக்கும் வரையிலும், டைட்டில் தெளிவாகும் வரையிலும் இந்தத் தொகை திருப்பித் தரத்தக்கது’ என்று சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளருக்கு அதில் நஷ்டமில்லை.

சோதனையை டீலர் சிபாரிசு செய்யும் ஆளை வைத்துச் செய்யாதீர்கள். பழைய ப்யூக் தெரிந்த, அந்த ஊர் சுயேச்சை மெக்கானிக்குச் சில நூறு டாலர் ஆகும். பெயின்ட் கனம் அளக்கும் கருவியோடு போகச் சொல்லுங்கள். பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு, டிக்கியின் தரை, முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் அடிப்பகுதி, இந்த மூன்று இடத்தில் துரு இல்லையென்றால் மற்ற இடத்தில் பெரும்பாலும் பயமில்லை. முகவிளக்கு மூடிகளை மோட்டார் திறந்து மூடுகிறதா என்பதை வீடியோவில் பத்து முறை காட்டச் சொல்லுங்கள். ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி நிற்கும் ரிவியேரா ஒரு பரிதாபமான காட்சி. இன்னொன்று, சோதிக்க வாய்ப்பிருந்தும் சோதிக்காமல் வாங்கினால், சோதித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைகளுக்குப் பிறகு புகார் சொல்லும் இடமும் சட்டத்தில் சுருங்கிவிடும்.

மீதிப் பணத்தை எப்படிக் கட்டுவது? ‘டைட்டில் முப்பது நாளில் வரும்’ என்ற பேச்சை நம்பி முழுத்தொகையையும் வங்கி வழியாக வயர் பண்ணாதீர்கள். உரிமம் பெற்ற எஸ்க்ரோ நிறுவனத்திடம் பணம் இருக்கட்டும், தாள்கள் சரியானதும் விடுவிக்கட்டும். அந்த நிறுவனத்தை நீங்கள் தேடிப் பிடியுங்கள். விற்பவர் அனுப்பும் லிங்கில் போய்ப் பணம் போடுவது போலி எஸ்க்ரோ தளங்களில் மாட்டிக்கொள்ளும் நேர் வழி.

கடன், இன்ஷூரன்ஸ், ஆறு வயது மகள்

இந்த விஷயத்தில் நான் உங்கள் மனைவியின் கட்சி. வீட்டின் மேல் எடுக்கும் கடனுக்கு வட்டி குறைவு, உண்மை. கட்ட முடியாமல் போனால் போவது கார் இல்லை, வீடு. ‘வட்டிக்கு வரிக்கழிவு கிடைக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. வீட்டை வாங்க, கட்ட, மேம்படுத்தச் செலவழித்தால்தான் அந்தக் கழிவு. காருக்கென்றே தனிக் கடன் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. வட்டி கூடுதல்தான், ஆனால் அடமானம் வண்டி மட்டும். அந்த மாதத் தவணை உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால், வீட்டுக் கடனிலும் உண்மையில் கட்டுப்படியாகாது.

முதலீடு என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். ரெஸ்டோர் செய்த செலவு பல நேரம் வண்டியின் சந்தை விலையைத் தாண்டிவிடும். அந்த நஷ்டத்தை ஏற்கெனவே வேறொருவர் பட்டுவிட்டார், நீங்கள் முடித்த வண்டியை வாங்குகிறீர்கள். அந்த வகையில் உங்கள் முடிவு புத்திசாலித்தனமே. ஆனால் லாபத்துக்கு விற்றால் வரி உண்டு, நஷ்டத்துக்கு விற்றால் சொந்த உபயோகப் பொருள் என்பதால் கழிவு இல்லை. மகனின் கல்லூரிக் கணக்கில் இந்தக் காரை ஒரு வரவாக எழுதாதீர்கள்.

இன்ஷூரன்ஸில் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசிதான் வேண்டும். வண்டி அழிந்தால் பேசிய தொகையை அப்படியே தருவார்கள். கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கும் ‘சொன்ன மதிப்பு’ பாலிசி ஒன்று இருக்கிறது. அதில் நீங்கள் சொன்ன தொகை, அன்றைய சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைத் தர நிறுவனத்துக்கு இடமுண்டு. பிரீமியம் கட்டுவதற்கு முன் எது என்று எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் ஆபீசுக்கு ஓட்டிப் போகும் கனவுக்கு ஒரு தடை. மிச்சிகனின் பழங்கால வண்டி நம்பர் பிளேட் மலிவானது, ஆனால் அதைப் போட்டால் கிளப் நிகழ்ச்சி, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். விதிவிலக்கு ஆகஸ்ட் மாதம். அந்த மாதம் முழுக்கச் சாதாரணமாக ஓட்டிக்கொள்ளலாம். டெட்ராய்ட்டின் வுட்வர்ட் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும் மாதமும் அதுதான், கார் ஊர்க்காரர்கள் சட்டம் எழுதினால் இப்படித்தான் இருக்கும். ஆண்டு முழுக்க ஓட்ட வேண்டுமென்றால் சாதாரண பிளேட் எடுங்கள். பழைய கார் சேகரிப்பவர்களுக்கான இன்ஷூரன்ஸ் பாலிசி தினசரி உபயோகத்தை அனுமதிக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; பெரும்பாலானவை அனுமதிக்காது.

மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு பூஸ்டர் இருக்கை வேண்டும். அந்த இருக்கை மடியையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டோடுதான் வேலை செய்யும். 1965 ரிவியேராவின் பின்சீட்டில் தோள் பெல்ட் கிடையாது. பிரேக்கும் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டைச் சுற்றுக்கு மாற்றுவதும், பின்னால் தோள் பெல்ட் பொருத்துவதும் செய்யக்கூடிய வேலைகள்தான், அசல்தன்மை கொஞ்சம் குறையும். செய்து முடிக்கும்வரை பிள்ளை வீட்டுக் காரிலேயே வரட்டும்.

கோவை விஷயம். ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு இந்தியாவில் 2021-இல் தனி விதி வந்தது. ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அன்றாட உபயோகத்துக்கும் தொழிலுக்கும் ஓட்டக் கூடாது. பதிவுக்கு முன்னால் இறக்குமதி இருக்கிறது, அங்கே சுங்க வரியும் மற்ற வரிகளும் சேர்ந்து வண்டியின் விலையையே தாண்டிவிடும். இடப்பக்க ஸ்டியரிங் வேறு. அவினாசி சாலையில் பதினேழரை அடி நீள வண்டியை யூ-டர்ன் அடிக்கும் ஆசை இருந்தால் பதினைந்து ஆண்டு கழித்து அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளலாம். இப்போது வாங்கும் முடிவில் அதற்கு எந்த இடமும் தர வேண்டாம்.

சரி, வெள்ளிக்கிழமைக்குள் என்ன செய்வது? இன்றே டீலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேச வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். நான்கு கேளுங்கள்: இறந்தவர் சார்பில் விற்க மகனுக்கு அதிகாரம் தரும் நீதிமன்ற உத்தரவின் அல்லது வாரிசுப் பிரமாணப் பத்திரத்தின் நகல், கதவுத் தூணிலுள்ள தகட்டின் படம், அழுக்கைத் துடைத்தபின் எடுத்த, இன்ஜின் பிளாக்கில் பொறித்த குறியீட்டின் படம், ஒர்க்‌ஷாப்பின் கடைசி பில். எல்லாம் உண்மையென்றால் அரைநாள் வேலை. முதலாவது வராவிட்டால் மற்ற மூன்றையும் பார்க்க வேண்டியதே இல்லை. நான்கும் வந்தால் ஒப்பந்தத்தின் இறுதி வரைவை எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.